நாம் கேட்கும் சட்டம் நாளை யார் கையில் இருக்கும்?

ஐரோப்பிய நகரமொன்றில் அல்-குர்ஆன் பிரதி எரிக்கப்பட்டதாகச் செய்தி வரும் ஒவ்வொரு முறையும் நமது சமூகத்தில் இரண்டு கேள்விகள் எழுகின்றன. "இதையும் பேச்சுச் சுதந்திரம் என்று எப்படிச் சொல்கிறார்கள்?" என்பது முதலாவது. "இதைத் தடுக்க ஒரு கடுமையான சட்டம் கொண்டுவர முடியாதா?" என்பது இரண்டாவது. நண்பர்களும் இளைஞர்களும் என்னிடமும் இவற்றைக் கேட்டிருக்கிறார்கள். முதலாவது கேள்வி பற்றி நம்மவர்கள் நிறையவே எழுதிவிட்டார்கள். இரண்டாவது கேள்வி போதிய அளவு அலசப்படவில்லை என்பது எனது எண்ணம். ஏனெனில் அப்படியான சட்டங்கள் நமது நாட்டில் ஏற்கனவே இருக்கின்றன. அவை யாரைப் பாதுகாத்தன, யாரைச் சிறைக்கு அனுப்பின என்பதற்கு நாமே சாட்சிகள்.

எனவே இக்கட்டுரையில் மூன்று விடயங்களைத் தெளிவுபடுத்த முயல்கிறேன். மதச் சின்னங்களும் தேசியச் சின்னங்களும் அவமதிக்கப்படும்போது உலக நாடுகள் அதை எப்படிக் கையாளுகின்றன? இலங்கையின் சட்டம் என்ன சொல்கிறது, நடைமுறையில் என்ன செய்கிறது? இவற்றையெல்லாம் வைத்துப் பார்க்கும்போது, ஒரு சிறுபான்மைச் சமூகமாக நாம் எதைக் கேட்க வேண்டும்?

சுவீடனில் நடந்தது என்ன?

2023 ஜூன் 28ஆம் திகதி, ஹஜ்ஜுப் பெருநாள் தினத்தில், ஈராக்கிலிருந்து சுவீடனுக்கு வந்து குடியேறிய சல்வான் மோமிகா என்பவர் ஸ்டொக்ஹோம் நகரப் பள்ளிவாசலுக்கு வெளியே அல்-குர்ஆன் பிரதியொன்றை எரித்தார். அதற்குப் பொலிஸ் அனுமதி இருந்தது. உலகம் முழுவதிலும் முஸ்லிம்கள் கொதித்தெழக் காரணம் அதுதான். ஆனால் அந்த அனுமதியின் பின்னணி பலருக்குத் தெரியாது. அவ்வாண்டின் ஆரம்பத்தில் இத்தகைய எரிப்பு நிகழ்வுகளுக்குச் சுவீடன் பொலிஸார் அனுமதி மறுத்திருந்தார்கள். பாதுகாப்பு அச்சுறுத்தலைக் காரணம் காட்டி ஆர்ப்பாட்ட உரிமையை மறுக்க முடியாது என்று நீதிமன்றம் அந்த மறுப்பை இரத்துச் செய்தது. மத நிந்தனையைக் குற்றமாகக் கருதும் சட்டத்தைச் சுவீடன் 1970இலேயே நீக்கியிருந்ததால் பொலிஸாரிடம் வேறு ஆயுதம் இருக்கவில்லை.

அடுத்த மாதம் இன்னொரு சம்பவம் நடந்தது. ஸ்டொக்ஹோமிலுள்ள இஸ்ரேலியத் தூதரகத்துக்கு வெளியே தௌராத்தையும் பைபிளையும் எரிக்கப் போவதாக முஸ்லிம் ஒருவர் அனுமதி பெற்றார். ஜூலை 15ஆம் திகதி ஊடகங்கள் அங்கே திரண்டிருந்தன. வந்தவர் கையிலிருந்த லைட்டரைத் தரையில் எறிந்தார். எந்த வேதத்தையும் எரிக்கும் எண்ணம் தமக்கு ஒருபோதும் இருக்கவில்லை என்றும், பேச்சுச் சுதந்திரத்துக்கு எல்லை வேண்டும் என்பதைக் காட்டவே வந்ததாகவும் கூறினார். அந்த ஆண்டு முழுவதும் நடந்த ஆர்ப்பாட்டங்களில் நமது தரப்பை மிக வலுவாக எடுத்துச் சொன்னது இதுதான் என்பேன். ஐந்து நாட்களுக்குப் பின்னர் பக்தாதிலுள்ள சுவீடன் தூதரகத்துக்குத் தீ வைத்தவர்களால் அந்த வலுவில் ஒரு துளியைக்கூடச் சேர்க்க முடியவில்லை.

மோமிகா 2025 ஜனவரி 29ஆம் திகதி சுட்டுக் கொல்லப்பட்டார். அவருக்கெதிரான வழக்கின் தீர்ப்பு மறுநாள் வரவிருந்தது. சில நாட்களில், அவருடன் சேர்ந்து எரிப்புகளில் ஈடுபட்ட மற்றவர், ஒரு மக்கள் குழுவுக்கெதிராக வெறுப்பைத் தூண்டிய குற்றத்துக்காகத் தண்டிக்கப்பட்டார். இதை நாம் கவனமாகப் பார்க்க வேண்டும். புத்தகத்தை எரித்ததற்கான தனிச் சட்டம் சுவீடனில் இல்லை. ஆனால் எரித்த விதமும் அப்போது பேசிய பேச்சும் முஸ்லிம்கள் என்ற மக்கள் மீதான வெறுப்பாக இருந்தன என்று நீதிமன்றம் கண்டது. நீதிமன்றத்தின் பார்வை புத்தகத்தை விட்டு மனிதர்களின் பக்கம் திரும்பியிருந்தது. இந்த வேறுபாடு இக்கட்டுரை முழுவதற்கும் முக்கியமானது.

கொடிக்கு ஒரு சட்டம், வேதத்துக்கு ஒரு சட்டமா?

மேற்கு நாடுகளின் இரட்டை அளவுகோல் பற்றி நாம் அடிக்கடி பேசுகிறோம். அக்குற்றச்சாட்டு வெறும் ஆதங்கம் அல்ல. பிரான்ஸில் நபி (ஸல்) அவர்களை இழிவுபடுத்தும் கேலிச்சித்திரங்கள் சுதந்திரத்தின் அடையாளமாகவே கொண்டாடப்பட்டன. அதே பிரான்ஸில், அரசு ஏற்பாடு செய்யும் நிகழ்வொன்றில் மூவர்ணக் கொடியையோ தேசிய கீதத்தையோ பகிரங்கமாக அவமதிப்பது 2003ஆம் ஆண்டிலிருந்து குற்றமாகும். அதற்கான தண்டப்பணம் 7,500 யூரோ. பலர் கூடிச் செய்தால் ஆறு மாதச் சிறைத் தண்டனையும் உண்டு. ஜேர்மனியில் தேசியக் கொடியை இழிவுபடுத்தினால் மூன்றாண்டு வரை சிறை செல்ல நேரிடலாம். அங்கே 2020இல் ஐரோப்பிய ஒன்றியத்தின் கொடிக்கும் வெளிநாட்டுக் கொடிகளுக்குமான பாதுகாப்பு விரிவாக்கப்பட்டது.

டென்மார்க்கின் நிலை இன்னும் விசித்திரமானது. அங்கே சொந்த நாட்டுக் கொடியை எரிக்கலாம். பிற நாட்டுக் கொடியை எரிப்பது குற்றம். அயல் உறவுகள் கெட்டுவிடும் என்பதே காரணம். 2005இல் கேலிச்சித்திரச் சர்ச்சை வெடித்தபோது பேச்சுச் சுதந்திரத்தில் சமரசமே இல்லை என்று நின்ற நாடு அது. மத நிந்தனைச் சட்டத்தையும் 2017இல் நீக்கியது. ஆனால் 2023 டிசம்பர் 7ஆம் திகதி, மத நூல்களைப் பகிரங்கமாக அவமதிக்கும் விதத்தில் கையாள்வதைத் தடை செய்யும் சட்டத்தை 94க்கு 77 என்ற வாக்குகளால் நிறைவேற்றியது. ஆறே ஆண்டுகளில் வந்த இந்த மாற்றத்துக்கு இறைவேதத்தின் மீதான மரியாதை காரணமல்ல. நாட்டின் பாதுகாப்பும் வெளியுறவும் பாதிக்கப்பட்டதாலேயே அரசு அசைந்தது.

ஆக, எந்தச் சின்னத்தைப் பாதுகாப்பது, எதை விட்டுவிடுவது என்பதை ஒவ்வொரு நாட்டிலும் பெரும்பான்மையினரின் உணர்வும் அரசின் நலனுமே தீர்மானிக்கின்றன. ஐரோப்பாவில் இது நமக்குத் தெளிவாகத் தெரிகிறது. அங்கே நாம் சிறுபான்மை. இங்கேயும் நாம் சிறுபான்மைதான் என்பதை மறந்துவிட்டு, சட்டம் கடுமையாக இருந்தால் நமக்குப் பாதுகாப்பு என்று எண்ணுவதுதான் எனக்கு விளங்காத விடயம்.

எரிப்பதில் இரண்டு வகை

அமெரிக்கா வேறொரு பாதையில் சென்றது. 1984இல் டலஸ் நகரில் நடந்த ஆர்ப்பாட்டமொன்றில் கிரகரி லீ ஜோன்சன் என்பவர் அமெரிக்கக் கொடியை எரித்தார். அவருக்கு ஓராண்டுச் சிறையும் 2,000 டொலர் தண்டப்பணமும் விதிக்கப்பட்டன. 1989இல் அமெரிக்க உச்ச நீதிமன்றம் ஐந்துக்கு நான்கு என்ற பெரும்பான்மையில் அத்தண்டனை செல்லாது என்றது. கொடி எரிப்பும் ஒரு கருத்து வெளிப்பாடு; மக்களுக்கு வெறுப்பூட்டுகிறது என்பதற்காக அதைத் தடுக்க முடியாது என்பது தீர்ப்பின் சாரம். பாராளுமன்றம் உடனே புதிய சட்டமொன்றை இயற்றியது. 1990இல் அதுவும் நீதிமன்றத்தில் வீழ்ந்தது.

இவ்வழக்குகளில் பேசப்பட்ட ஒரு நுட்பம் நமக்கும் பயன்படும். நைந்துபோன அமெரிக்கக் கொடியைக் கண்ணியமாக அப்புறப்படுத்துவதற்கு அந்நாட்டின் கொடி விதிகளே பரிந்துரைக்கும் முறை, அதை எரிப்பதுதான். அதாவது ஒரே துணி, ஒரே நெருப்பு. ஒன்று மரியாதை, மற்றது குற்றம். நமது வரலாற்றிலும் இதற்கு ஒப்பான செய்தி உண்டு. உஸ்மான் (ரழி) அவர்கள் குர்ஆனை ஒரே முறையில் தொகுத்து ஊர்களுக்கு அனுப்பிய பின்னர், வேறுபட்ட ஏனைய ஏடுகளை எரித்துவிடுமாறு பணித்ததாக ஸஹீஹுல் புஹாரியில் பதிவாகியிருக்கிறது. வேதத்தைப் பாதுகாப்பதற்காகச் செய்யப்பட்ட செயல் அது.

எனவே அவமதிப்பு என்பது நெருப்பில் இல்லை, நிய்யத்தில் இருக்கிறது. மார்க்கத்தில் இது நமக்குப் புதிய பாடம் அல்ல. ஆனால் சட்டத்துக்கு இது பெரிய சிக்கல். ஒருவரின் உள்ளத்தில் என்ன இருந்தது என்பதைப் பொலிஸ் நிலையத்தில் இருக்கும் பொறுப்பதிகாரி எப்படித் தீர்மானிப்பார்? புண்பட்டதாகச் சொல்லிக்கொண்டு முறைப்பாடு செய்ய வந்தவரின் முகத்தைப் பார்த்துத்தான் பெரும்பாலும் தீர்மானிப்பார். நமது நாட்டில் அதுதான் நடந்தது.

இலங்கையின் சட்டமும் அனுபவமும்

நமது அரசியலமைப்பின் 14(1)(அ) உறுப்புரை பேச்சுச் சுதந்திரத்தை உறுதிப்படுத்துகிறது. 10ஆவது உறுப்புரை மனச்சாட்சிக்கும் மதத்துக்குமான சுதந்திரத்தை வழங்குகிறது. 9ஆவது உறுப்புரை பௌத்தத்துக்கு முதன்மை இடத்தைக் கொடுக்கிறது. குற்றங்களைப் பொறுத்தவரை, தண்டனைச் சட்டக்கோவையின் 290ஆம், 291ஆம் பிரிவுகளும் அவற்றின் உட்பிரிவுகளும் வணக்கத்தலங்களை அசுத்தப்படுத்துவது முதல் மத உணர்வுகளைப் புண்படுத்துவது வரை பலவற்றைத் தண்டிக்கின்றன. 291ஆ பிரிவின்படி, ஒரு வகுப்பாரின் மத உணர்வைக் குமுறச் செய்யும் நோக்கில் வேண்டுமென்றே, தீய எண்ணத்துடன் செய்யப்படும் செயலுக்கு இரண்டாண்டு வரை சிறைத்தண்டனை வழங்கலாம்.

இவற்றுக்கு மேலாக வந்தது 2007ஆம் ஆண்டின் 56ஆம் இலக்க, சிவில் மற்றும் அரசியல் உரிமைகள் தொடர்பான சர்வதேச சமவாயச் சட்டம். ஐ.சி.சி.பி.ஆர். சட்டம் என்று நாம் செய்திகளில் படிப்பது இதைத்தான். பாரபட்சம், பகைமை, வன்முறை ஆகியவற்றைத் தூண்டும் விதத்தில் இன, மத வெறுப்பைப் பரப்புவதை இதன் 3ஆம் பிரிவு தடுக்கிறது. தண்டனை பத்து ஆண்டுகள் வரை. நீதவானுக்குப் பிணை வழங்கும் அதிகாரம் இல்லை. மேல் நீதிமன்றத்துக்கே செல்ல வேண்டும். சர்வதேச சமவாயத்தில் பேச்சுச் சுதந்திரத்தைப் பாதுகாக்கும் உறுப்புரையும் இருக்கிறது. நமது சட்டத்தை எழுதியவர்கள் தூண்டுதலைத் தடுக்கும் பகுதியை எடுத்துக்கொண்டார்கள், மற்றதைச் சேர்க்கவில்லை.

சிறுபான்மையினரை வெறுப்புப் பேச்சிலிருந்து பாதுகாக்கும் சட்டமாகத்தான் பார்ப்பதற்கு இது தோன்றும். நடந்தவற்றைப் பாருங்கள்.

2019 மே 17ஆம் திகதி, உயிர்த்த ஞாயிறு தாக்குதல்களுக்குப் பின்னரான பதற்றச் சூழலில், ஹஸலக்கவில் ஒரு முஸ்லிம் பெண் கைது செய்யப்பட்டார். அவர் அணிந்திருந்த ஆடையில் தர்மசக்கரம் அச்சிடப்பட்டிருந்ததாகக் குற்றச்சாட்டு. உண்மையில் அது கப்பலின் சுக்கான் சக்கரம். அவர் மீது ஐ.சி.சி.பி.ஆர். சட்டமும் 291ஆ பிரிவும் பாய்ந்தன. ஜூன் 3ஆம் திகதி பிணை கிடைக்கும் வரை இரண்டு வாரங்களுக்கும் மேலாக அவர் விளக்கமறியலில் இருந்தார். கடையில் துணி வாங்கிய ஒரு பெண், பகைமையைத் தூண்டியவராக ஆக்கப்பட்டார்.

2020 ஏப்ரலில் ஓய்வுபெற்ற அரச உத்தியோகத்தரும் எழுத்தாளருமான ரம்ஸி ராசிக் கைதானார். முஸ்லிம்களுக்கெதிரான வெறுப்புப் பிரசாரத்தைப் பேனாவாலும் கணினி விசைப்பலகையாலும் எதிர்கொள்ள வேண்டும் என்று முகநூலில் எழுதியதற்காக இதே சட்டம் அவர் மீது பயன்படுத்தப்பட்டது. ஐந்து மாதங்களுக்கு மேல் சிறையில் இருந்தார். 2023 நவம்பரில் உயர் நீதிமன்றம் அவரது அடிப்படை உரிமைகள் மீறப்பட்டதாகத் தீர்ப்பளித்து இழப்பீடு வழங்க உத்தரவிட்டது. நீதி கிடைத்தது, ஆனால் மூன்றரை ஆண்டுகள் கழித்து.

இச்சட்டம் முஸ்லிம்களை மட்டும் தாக்கவில்லை. சிங்கள எழுத்தாளர் சக்திக சத்குமார, பௌத்த விகாரையைப் பின்புலமாகக் கொண்ட ஒரு சிறுகதைக்காக 2019 ஏப்ரல் முதலாம் திகதி கைதாகி நான்கு மாதங்களுக்கு மேல் உள்ளே இருந்தார். நகைச்சுவைக் கலைஞர் நடாஷா எதிரிசூரிய 2023 மே மாதம் விமான நிலையத்தில் கைதாகி, ஜூலை 5ஆம் திகதிதான் மேல் நீதிமன்றத்தில் பிணை பெற்றார். அதற்கு முன்னர், 2014இல், கையில் புத்தரின் உருவத்தைப் பச்சை குத்தியிருந்த பிரித்தானியச் சுற்றுலாப் பயணி ஒருவர் கைதாகி நாடு கடத்தப்பட்டார். அவர் பௌத்தத்தின் மீது கொண்ட பற்றினால் அதைக் குத்திக்கொண்டவர். 2017இல் உயர் நீதிமன்றம் அவருக்கும் இழப்பீடு வழங்குமாறு உத்தரவிட்டது. பற்றினால் செய்ததும் நிந்தனையாகப் பார்க்கப்பட்டது என்பதைக் கவனியுங்கள்.

மறுபக்கம் என்ன ஆனது?

இதே சட்டம் 2014 ஜூன் 15ஆம் திகதியும் இருந்தது. அன்று அளுத்கமவில் கலகொட அத்தே ஞானசார தேரர் பகிரங்க மேடையில் ஆற்றிய உரையும், அதைத் தொடர்ந்து அளுத்கம, தர்கா நகர், பேருவளைப் பகுதிகளில் முஸ்லிம்களின் உயிர்களும் வீடுகளும் கடைகளும் பறிபோனதும் நம் எல்லோருக்கும் நினைவிருக்கிறது. வன்முறையைத் தூண்டும் வெறுப்புப் பேச்சு என்பதற்குப் பாடப் புத்தகத்தில் உதாரணம் தேவைப்பட்டால் அதைத் தரலாம். அந்த உரைக்காக ஐ.சி.சி.பி.ஆர். சட்டத்தின் கீழ் எவருக்கும் தண்டனை வழங்கப்படவில்லை.

பின்னர் நிலைமை ஓரளவு மாறியது உண்மைதான். இஸ்லாத்தைப் பற்றி 2016இல் தெரிவித்த கருத்துக்களுக்காக, 2024 மார்ச்சில் கொழும்பு மேல் நீதிமன்றம் அதே தேரருக்கு நான்காண்டு கடூழியச் சிறைத்தண்டனை விதித்தது. 2025 ஜனவரியில் இன்னொரு வழக்கில் ஒன்பது மாதத் தண்டனை விதிக்கப்பட்டது. நம்மில் பலர் அத்தீர்ப்புகளை வரவேற்றார்கள். நானும் அவற்றைக் குறை சொல்ல வரவில்லை. ஆனால் காலத்தைக் கணக்கிட்டுப் பாருங்கள். அதிகாரமும் ஆதரவும் உள்ள ஒருவரின் பேச்சு தண்டனையை எட்ட எட்டு ஆண்டுகள். சுக்கான் சக்கரம் போட்ட ஆடை அணிந்த பெண் சிறைக்குச் செல்ல ஒரே நாள். சட்டத்தின் வாசகங்கள் இருவருக்கும் பொதுவானவை. அதைக் கையில் எடுப்பவர் யாருக்கு அஞ்சுகிறார் என்பதில்தான் வித்தியாசம்.

கோட்டை எங்கே போடுவது?

அப்படியென்றால் எதையும் யாரும் சொல்லலாம், செய்யலாம் என்று விட்டுவிடுவதா? அதுவும் இல்லை. ஐக்கிய நாடுகள் அமைப்பின் முயற்சியில் 2012இல் மொரோக்கோவின் ரபாத் நகரில் உருவான செயற்றிட்டம் இதற்கு ஆறு அளவுகோல்களைத் தருகிறது. பேசப்பட்ட சூழல் என்ன? பேசியவர் யார், அவருக்கு எவ்வளவு செல்வாக்கு உண்டு? தூண்டும் நோக்கம் இருந்ததா? பேச்சின் உள்ளடக்கமும் வடிவமும் எப்படி? எத்தனை பேரைச் சென்றடைந்தது? அதனால் உடனடியாகத் தீங்கு விளையும் சாத்தியம் எவ்வளவு? இந்த ஆறையும் கடக்கும் பேச்சைத்தான் குற்றவியல் சட்டம் தொட வேண்டும்.

அளுத்கம உரையை இந்த ஆறிலும் வைத்துப் பாருங்கள். பதற்றமான சூழல், செல்வாக்குள்ள பேச்சாளர், நேரடியான மிரட்டல், திரண்ட கூட்டம், உடனே விளைந்த தீங்கு என எல்லாமே பொருந்துகின்றன. ஹஸலக்க ஆடையை வைத்துப் பாருங்கள். ஒன்றுகூடப் பொருந்தாது. சிறுகதையும் நகைச்சுவையும் முகநூல் பதிவும் அப்படித்தான். ஸ்டொக்ஹோம் எரிப்பு இடையில் நிற்கிறது. பெருநாள் தினத்தில், தொழுகைக்கு வரும் மக்களின் கண்ணெதிரே, பள்ளிவாசல் வாசலில் செய்யப்பட்டது என்பதுதான் அதைக் கருத்து விமர்சனத்திலிருந்து மக்கள் மீதான மிரட்டலின் பக்கம் நகர்த்துகிறது. தன் வீட்டில் தன் பணத்தில் வாங்கிய பிரதியை ஒருவர் எரித்தால் நம் உள்ளம் நோகும். ஆனால் அந்தச் செயல் எவரையும் மிரட்டவில்லை.

இன்னொரு எல்லையும் தெளிவாக இருக்க வேண்டும். பிறருடைய பள்ளிவாசலை, கோவிலை, தேவாலயத்தை, சிலையைத் தாக்குவது கருத்து வெளிப்பாடே அல்ல. அது பிறர் உடைமை மீதும் வணங்கும் உரிமை மீதுமான தாக்குதல். அதற்கான சட்டம் கடுமையாகவே இருக்க வேண்டும். 2018 டிசம்பர் இறுதியில் மாவனெல்லையில் புத்தர் சிலைகள் சேதப்படுத்தப்பட்டபோது, அதைச் செய்தவர்கள் நமது பெயர்களைத் தாங்கியவர்களாக இருந்தார்கள். அச்செயலுக்கு எந்த நியாயமும் இல்லை. அதேவேளை, 2019 ஜனவரியில் ஹொரவப்பொத்தானையில் பழைய தாதுகோபம் ஒன்றின் மீது ஏறிப் படம் எடுத்த தென்கிழக்குப் பல்கலைக்கழக மாணவர்கள் எண்மர் விளக்கமறியலில் வைக்கப்பட்டு, பின்னர் தண்டப்பணத்துடன் விடுவிக்கப்பட்டார்கள். தொல்பொருள் சின்னத்தில் ஏறியது தவறுதான். ஆனால் மாவனெல்லையையும் இதையும் ஒரே தராசில் வைத்துப் பேசியவர்கள் இருந்தார்கள். அறியாமைக்கும் அழிவு நோக்கத்துக்கும் இடையிலான வித்தியாசத்தைப் பார்க்க மறுக்கும் சட்டமும் சமூகமும் ஆபத்தானவை.

அவமதிப்பு எப்போதும் எரிப்பாக, உடைப்பாக வருவதில்லை என்பதையும் சொல்லியாக வேண்டும். நமது தேசியக் கொடியில் பச்சைப் பட்டி முஸ்லிம்களையும் செம்மஞ்சள் பட்டி தமிழர்களையும் குறிக்கிறது. 2015 ஏப்ரலில் கொழும்பில் நடந்த ஓர் ஆர்ப்பாட்டத்தில் அந்த இரண்டு பட்டிகளும் இல்லாத சிங்கக் கொடிகள் ஏந்தப்பட்டன. கொடியை யாரும் எரிக்கவில்லை, கிழிக்கவில்லை. ஆனால் நாட்டின் சின்னத்திலிருந்து இரண்டு சமூகங்கள் வெட்டி எடுக்கப்பட்டன. இதற்கு அவர்களைச் சிறையில் அடைப்பது பதிலாகுமா? எனது பதில், இல்லை என்பதே. அந்த எண்ணத்தை அரசியலில் தோற்கடிக்க வேண்டும். அந்தப் பச்சைப் பட்டிக்கு நாம் உரியவர்கள் என்பதைப் பேசியும் எழுதியும் வாழ்ந்தும் நிலைநாட்ட வேண்டும்.

நமது மார்க்கம் தரும் வழி

மத நிந்தனைக்குச் சட்டத் தடை வேண்டாம் என்று சொல்பவர் ஈமானில் குறைந்தவர் என்ற எண்ணம் நம்மிடம் இருக்கிறது. ஆனால் குர்ஆன் இதைப் பற்றிப் பேசும் இடங்களைப் பார்க்க வேண்டும். ஸூரத்துல் அன்ஆமின் 108ஆவது வசனம், பிறர் வணங்கும் தெய்வங்களை ஏசுவதிலிருந்து நம்மைத் தடுக்கிறது; பதிலுக்கு அவர்களும் ஏசத் தொடங்குவார்கள் என்பதைக் காரணமாகக் காட்டுகிறது. ஸூரத்துந் நிஸாவின் 140ஆவது வசனம், இறைவசனங்கள் கேலி செய்யப்படும் சபையில் பேச்சு மாறும் வரை அமர வேண்டாம் என்கிறது. முதலாவது நமது நாவுக்கு இடப்பட்ட கட்டுப்பாடு. இரண்டாவது நமது கால்களுக்குச் சொல்லப்பட்ட வழி.

ஹுதைபிய்யா உடன்படிக்கையையும் நினைத்துப் பாருங்கள். "அல்லாஹ்வின் தூதர்" என்று எழுதப்பட்டிருந்ததைக் குறைஷிகளின் தூதுவர் ஏற்க மறுத்தார். அலி (ரழி) அவர்களுக்கு அதை அழிக்க மனம் வரவில்லை. நபி (ஸல்) அவர்கள் தமது கையாலேயே அதை அழித்தார்கள். அதைவிடப் புனிதமான ஒரு சொற்றொடர் அந்த ஏட்டில் இருந்திருக்க முடியாது. ஆனால் அதை அழித்ததால் அவர்களின் தூதுத்துவம் ஓர் அணுவளவும் குறையவில்லை. அந்த உடன்படிக்கை தந்த சமாதானத்தில்தான் இஸ்லாம் பரவியது. சின்னத்தின் கண்ணியம் காகிதத்தில் தொங்கிக்கொண்டிருக்கவில்லை என்ற நம்பிக்கை இருந்தவரால்தான் அதைச் செய்ய முடிந்தது.

நாம் எதைக் கேட்க வேண்டும்?

இனி நடைமுறைக்கு வருவோம். 2024ஆம் ஆண்டின் 9ஆம் இலக்க நிகழ்நிலைக் காப்புச் சட்டமும் மத உணர்வுகளைப் புண்படுத்தும் பொய்யான கூற்றுகளைக் குற்றமாக்கியிருக்கிறது. இத்தகைய சட்டங்களைத் திருத்துவது பற்றிய பேச்சு எழும் ஒவ்வொரு முறையும் நமது அமைப்புகளும் பாராளுமன்ற உறுப்பினர்களும் "தண்டனையைக் கூட்டுங்கள்" என்று சொல்வதுடன் நின்றுவிடக் கூடாது. நான் முன்வைக்கும் கோரிக்கைகள் நான்கு.

முதலாவது, ஐ.சி.சி.பி.ஆர். சட்டத்தின் கீழ் எவரையும் கைது செய்வதற்கு முன்னர் மேற்சொன்ன ஆறு அளவுகோல்களும் எழுத்தில் பரிசீலிக்கப்பட வேண்டும். உள்ளூர்ப் பொலிஸ் நிலையத்தின் தனி முடிவுக்கு இதை விடக்கூடாது. இரண்டாவது, பிணை வழங்கும் அதிகாரம் நீதவானுக்கு வேண்டும். விசாரணைக்கு முன்னரே மாதக்கணக்கில் சிறையில் வைப்பதுதான் இச்சட்டத்தின் உண்மையான தண்டனையாக இருக்கிறது. மூன்றாவது, பொய்யாகக் கைது செய்யப்பட்டவர் உயர் நீதிமன்றம் வரை சென்று ஆண்டுக்கணக்கில் காத்திருக்காமல் நிவாரணம் பெற வழி வேண்டும். நான்காவது, வன்முறையைத் தூண்டும் உரை நிகழ்த்தப்பட்டால், பேசியவர் அணிந்திருக்கும் ஆடை எதுவாக இருந்தாலும் பொலிஸார் அன்றே செயற்பட வேண்டும்.

இந்த நான்கையும் கேட்கும்போது சக்திக சத்குமாரவுக்காகவும் நடாஷாவுக்காகவும் சேர்த்தே கேட்க வேண்டியிருக்கும். அவர்களின் கதையோ நகைச்சுவையோ நமக்குப் பிடிக்க வேண்டும் என்பதில்லை. பௌத்தத்தைக் கேலி செய்தவர் உள்ளே போனபோது "நல்லது" என்று மௌனமாக இருந்தால், அதே கதவு நமது பெண்களுக்குத் திறக்கும்போது நம்முடன் நிற்க யாரும் வரமாட்டார்கள்.

குர்ஆன் பிரதி எரிக்கப்படும் காட்சி என்னையும் வருத்துகிறது. அந்த வருத்தத்துக்கு மருந்தாக ஒரு சட்டத்தைக் கேட்கும் முன்னர், அச்சட்டத்தின் முதலாவது வழக்கு இந்த நாட்டில் யார் மீது பதிவாகும் என்று ஒரு கணம் யோசியுங்கள். ஹஸலக்க பொலிஸ் நிலையத்துக்கு அழைத்துச் செல்லப்பட்ட அந்தச் சகோதரிக்கு அதற்கான பதில் தெரியும்.